நீட்டுக்கு ஒரு வருஷம் டிராப் போடலாமா?: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீட் ரிசல்ட் வந்த வாரத்திலிருந்து கவுன்சலிங் முடியும்வரை எனக்கு ஃபோன் ஓயாது. சித்தி பையன், பக்கத்துத் தெரு டீச்சரின் மகள், நான் படித்த பள்ளியின் தங்கச்சிகள் என்று ஆளாளுக்குக் கூப்பிட்டுக் கேட்பது ஒரே விஷயத்தைத்தான்: எந்தக் கல்லூரியிலும் சேராமல் ஒரு வருஷம் உட்கார்ந்து மறுபடி நீட்டுக்குப் படிக்கலாமா, அதாவது டிராப் போடலாமா? நான் 2019-இல் பிளஸ் டூ முடித்து, முதல் நீட்டில் கோட்டைவிட்டு, ஒரு வருஷம் உட்கார்ந்து படித்து, 2020-இல் அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவள். இப்போது ஹவுஸ் சர்ஜன். நைட் டூட்டிக்கு நடுவே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் நோட் அனுப்பி முடியவில்லை. அதனால் இங்கே மொத்தமாக.

எத்தனை மார்க் எடுத்திருந்தால் டிராப் போடலாம்?

எல்லோரும் முதலில் கேட்பது இது. இதற்கு ஒரு நம்பர் சொல்பவர்களை நம்பாதீர்கள், குறிப்பாக அவர்கள் கோச்சிங் சென்டர் வைத்திருந்தால்.

எத்தனை மார்க் வந்தது என்பதைவிட, போன மார்க் எங்கே போயிற்று என்று பாருங்கள். தேர்வு முடிந்ததும் உங்கள் ஓஎம்ஆர் தாளின் (விடையை வட்டத்தில் ஷேட் செய்யும் தாள்) நகலையும் விடைக்குறிப்பையும் தேசியத் தேர்வு முகமை இணையத்தில் போடும். இரண்டையும் பிரின்ட் எடுத்து, வினாத்தாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நாள் உட்காருங்கள். 180 கேள்வியில் நீங்கள் தவறவிட்ட ஒவ்வொன்றையும் நாலு வகையாகப் பிரியுங்கள்: தெரிந்தும் தப்பாகப் போட்டது, அரைகுறையாகத் தெரிந்து போட்டது, சுத்தமாகத் தெரியாதது, நேரம் இல்லாமல் விட்டது.

என் 2019 கணக்கைச் சொல்கிறேன். பயாலஜியில் 74 சரி, 14 தப்பு: 282. கெமிஸ்ட்ரியில் 30 சரி, 9 தப்பு: 111. பிசிக்ஸில் 38 கேள்வி தொட்டிருந்தேன். அதில் 14 சரி, 24 தப்பு. 56-இல் 24 போக 32 மார்க். மொத்தம் 425. வீட்டில் எல்லோரும் "இன்னும் கொஞ்சம் நல்லா படிச்சிருக்கலாம்" என்றார்கள். அந்தத் தாளைப் பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றிலும் நான் குறையவில்லை. ஒரே ஒரு பாடம் ஓட்டையாகக் கிடந்தது. பிளஸ் ஒன் பிசிக்ஸை எங்கள் பள்ளியில் ஓட்டமாக ஓட்டினார்கள். வெக்டர் சரியாகப் புரியாமல் ரொட்டேஷனல் மோஷனுக்கு வந்து நின்றவள் நான்.

ஒரு பாடம் ஓட்டை என்றால் ஒரு வருஷத்தில் அடைக்கலாம். நான் அடைத்தேன்: 2020-இல் பிசிக்ஸ் 106, மொத்தம் 581. மூன்று பாடமும் பாதிப் பாதி நிற்கிறது, அதுவும் நன்றாகப் படித்தும் நிற்கிறது என்றால், அந்த ஒரு வருஷம் என்ன செய்யும் என்பதை உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

குருட்டடி பற்றி ஒரு வார்த்தை. சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1, நாலு விடை. கணக்குப்படி ஒன்றுமே தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு ஷேட் செய்தாலும் சராசரியில் கால் மார்க் லாபம்தான். ஆனால் அந்த நாலு விடையில் ஒன்று அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கென்றே வைத்த பொறி. யூனிட் மாற்ற மறந்தால் என்ன விடை வருமோ அது அச்சாக அங்கே இருக்கும். என் 24-இல் முக்கால்வாசி அப்படி விழுந்தது.

போன வருஷ கட்-ஆஃபை வைத்து அடுத்த வருஷத்துக்கு இலக்கு போடலாமா?

மார்க்கை வைத்துப் போடாதீர்கள், ரேங்க்கை வைத்துப் போடுங்கள். 2024-இல் முதல் பட்டியலில் 67 பேர் 720-க்கு 720. கருணை மதிப்பெண் சர்ச்சை, மறுதேர்வு, உச்ச நீதிமன்றம் எல்லாம் முடிந்து வந்த திருத்திய பட்டியலிலும் 17 பேர். அடுத்த வருஷம், 2025-இல், பிசிக்ஸ் தாள் பிழிந்தெடுத்தது. நாட்டிலேயே முதலிடம் 686. பொதுப் பிரிவுக்குத் தகுதி மதிப்பெண்ணும் 162-லிருந்து 144-க்கு இறங்கியது. 2024-ஐப் பார்த்து மனசு விட்டவர்களும் உண்டு, அதே மார்க்கோடு 2025-இல் சீட் வாங்கியவர்களும் உண்டு.

செய்ய வேண்டியது இதுதான். தமிழ்நாடு மருத்துவத் தேர்வுக் குழு, அதாவது கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் செலக்‌ஷன் கமிட்டி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒதுக்கீட்டுப் பட்டியல் வெளியிடும். கடைசிச் சுற்றுப் பட்டியலை இறக்கி, உங்கள் சமூகப் பிரிவில் அரசுக் கல்லூரி இடம் கடைசியாக யாருக்குப் போயிற்று, அவருடைய ரேங்க் என்ன என்று பாருங்கள். உங்கள் ரேங்க்குக்கும் அதற்கும் நடுவே எத்தனை பேர்? அதுதான் நீங்கள் தாண்ட வேண்டிய தூரம். அகில இந்திய ரேங்க்கைப் பார்த்து மலைக்க வேண்டாம். அரசுக் கல்லூரிகளில் மாநிலத்தின் 85 சதவீத இடத்துக்கு (மீதி 15 அகில இந்திய ஒதுக்கீடு) நீங்கள் போட்டி போடுவது நம் ஊர்ப் பிள்ளைகளோடு மட்டும்தான்.

வயது வரம்பு இருக்கிறதா? எத்தனை முறை எழுதலாம்?

சேரும் வருஷம் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருந்தால் போதும். மேல் வரம்பை 2022-இல் எடுத்துவிட்டார்கள். முயற்சிக்கும் எண்ணிக்கைக் கணக்கு கிடையாது. இந்தியாவில் எம்பிபிஎஸ் சேர அந்தந்த வருஷ மார்க்தான் செல்லும். பழைய மார்க்கைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

டிராப் போட்டவர் என்றால் கல்லூரியில் மட்டமாகப் பார்ப்பார்களா?

யார் பார்ப்பது? முக்கால்வாசிப் பேர் நம்மைப் போலத்தான். நீட்டின் பாதிப்பை ஆராயத் தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் கொடுத்த அறிக்கையில் இந்தக் கணக்கு இருக்கிறது: நீட் வருவதற்கு முந்தைய 2016-17-இல் தமிழ்நாட்டில் மருத்துவம் சேர்ந்தவர்களில் முந்தைய வருஷங்களில் பிளஸ் டூ முடித்தவர்கள் சுமார் 12 சதவீதம். 2020-21-இல் சுமார் 71. அந்த 71-இல் நானும் ஒருத்தி. முதல் நாள் அனாடமி ஹாலில் "எத்தனையாவது அட்டெம்ப்ட்?" என்பது "எந்த ஊர்?" மாதிரி சாதாரணமாகக் கேட்கப்பட்டது.

இந்தக் கணக்கு எனக்கு ஆறுதலாக இருந்தது உண்மை. அதே கணக்கு, ஒரு வருஷம் சும்மா இருந்து படிக்க வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு என்ன சொல்கிறது என்றும் யோசித்துப் பாருங்கள். அறிக்கை எழுதப்பட்டதே அதற்காகத்தான்.

அரசுப் பள்ளியில் படித்தவருக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு டிராப் போட்டாலும் கிடைக்குமா?

கிடைக்கும். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்பதுதான் நிபந்தனை. 2020-இல் இந்த ஒதுக்கீடு வந்த முதல் வருஷமே பட்டியலில் முதலில் நின்ற தேனி மாவட்டத்து மாணவர் 664 எடுத்தது இரண்டாவது முயற்சியில்தான். இந்த ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரி கிடைத்தாலும் கட்டணத்தை அரசே கட்டும். ஆகவே இந்தப் பிரிவில் இருப்பவர்கள் தங்கள் தூரத்தைப் பொதுப் பட்டியலில் அளக்காமல் 7.5 பட்டியலில் தனியாக அளந்து பாருங்கள். பல பேருக்கு அது நினைத்ததைவிடப் பக்கம். அரசு உதவி பெறும் பள்ளிக்கு இது பொருந்தாது. நான் அந்தப் பக்கத்து ஆள், அதனால் கொஞ்சம் வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

சும்மா இருக்காமல் ஒரு டிகிரியில் சேர்ந்துகொண்டே படிக்கலாமா?

அப்பாக்களுக்குப் பிடித்த யோசனை இது. "ஒரு பிடிமானம் வேணும்ல?" என்பார்கள். இன்ஜினியரிங் சேர்ந்துகொண்டு நீட் படிப்பது நடக்காத காரியம். செமஸ்டர், இன்டர்னல், அட்டெண்டன்ஸ் என்று நாள் போய்விடும். பக்கத்து ஊர்க் கலைக் கல்லூரியில் பிஎஸ்சி சுவாலஜி சேர்ந்து சமாளித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் சேர்ந்ததும் ஒரிஜினல் டிசியும் மார்க் ஷீட்டும் அவர்கள் பீரோவுக்குள் போய்விடும். என் பேட்ச் பையன் ஒருவன் கவுன்சலிங் தேதிக்கு முதல் நாள்வரை டிசிக்காக ஒரு கல்லூரி ஆபீஸ் வாசலில் நின்றான். சேர்வதானால் முதல் நாளே எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து, விலகினால் எத்தனை நாளில் திருப்பித் தருவீர்கள் என்று கேட்டு வையுங்கள்.

அதோடு, டிராப் என்று முடிவே செய்திருந்தாலும் பிளஸ் டூ மார்க்கில் கிடைக்கும் மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்கு விண்ணப்பம் போட்டு வையுங்கள். கால்நடை மருத்துவத்துக்கு மாநில ஒதுக்கீட்டில் நீட் கேட்பதில்லை. பிஎஸ்சி நர்சிங், பி.பார்ம் எல்லாம் பிளஸ் டூ மார்க்தான். இன்ஜினியரிங் விண்ணப்பம் பெரும்பாலும் நீட் ரிசல்ட்டுக்கு முன்பே மூடிவிடும். ரிசல்ட்டைப் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தால் கதவு சாத்தியிருக்கும்.

கிடைத்த பல் மருத்துவம் அல்லது சித்தா சீட்டை விட்டுவிட்டு டிராப் போடலாமா?

அந்தப் படிப்பில் ஐந்து நிமிஷமாவது உங்களைக் கற்பனை செய்து பார்க்க முடிகிறதா என்பதைப் பொறுத்தது. முடியவில்லை என்றால் எடுக்காதீர்கள், இன்னொருவருக்குப் போகட்டும். ஆனால் விடுவதற்கும் நேரம் இருக்கிறது. கடைசித் தேதிக்குப் பிறகு விலகினால் அபராதம் பெருந்தொகை, விவரக் குறிப்பேட்டில் இருக்கும். அகில இந்திய ஒதுக்கீட்டில் இன்னொரு கண்ணி: கடைசியாக நடக்கும் காலியிடச் சுற்றில் சீட் ஒதுக்கி, நீங்கள் போய்ச் சேரவில்லை என்றால் அடுத்த வருஷம் நீட் எழுதவே தடை. டிராப் போட நினைப்பவர்கள் "சும்மா போட்டுப் பார்ப்போம்" என்று அந்தச் சுற்றில் விளையாடக் கூடாது.

தனியார் கல்லூரியில் சேர்த்துவிடட்டுமா, ஒரு வருஷம் காத்திருக்கட்டுமா? (ஒரு அம்மா கேட்டது)

அம்மா, முதலில் எந்த ஒதுக்கீடு என்று பாருங்கள். சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் என்றால் ஆண்டுக்குச் சுமார் 4.5 லட்சம். கடன் வாங்கியாவது தாங்க முடியும் என்றால் அதை விட்டுவிட்டு டிராப் போடச் சொல்ல எனக்கு மனசு வராது. கையில் இருக்கும் எம்பிபிஎஸ் அது. மேனேஜ்மென்ட் கோட்டா என்றால் ஆண்டுக்கு 13 லட்சத்துக்கு மேல். நிலத்தை விற்றுத்தான் கட்ட வேண்டும் என்கிற நிலையில் ஒரு வருஷம் டிராப் போடுவது மலிவு. லாங் டேர்ம் கோச்சிங்கும் ஹாஸ்டலும் சேர்த்து லட்சத்தைத் தாண்டும்தான், ஆனாலும் மலிவு.

வெளிநாடு என்றால், நீட் தகுதி மார்க் மூன்று வருஷம் செல்லும் என்பதால் அவசரமே இல்லை. ஏஜென்ட் அவசரப்படுத்துவார். 54 மாதப் படிப்பு, ஆங்கில வழி, அங்கேயே ஒரு வருஷப் பயிற்சி, திரும்பி வந்து தகுதித் தேர்வு, இங்கே மறுபடி ஒரு வருஷப் பயிற்சி. இதையெல்லாம் அவர் வாயாலேயே சொல்கிறாரா என்று பாருங்கள்.

ஹாஸ்டல் கோச்சிங்கா, வீட்டிலிருந்தா?

நான் இரண்டையும் பார்த்துவிட்டேன், கொரோனா புண்ணியத்தில். 2019 ஜூனில் நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டலில் சேர்த்தார்கள். காலை 5 மணிக்கு மணி. ஸ்டடி ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலி, அதில் கை வைக்கும் பலகை. ஞாயிறு மதியம் மாக் டெஸ்ட், திங்கள் காலை மெஸ் வாசல் சுவரில் ரேங்க் பட்டியல். இட்லித் தட்டை ஏந்திக்கொண்டே தன் பெயரை மேலிருந்து கீழாகத் தேடும் வரிசை ஒன்று நிற்கும். வீட்டுக்குப் பேச வாரம் பத்து நிமிஷம். அங்கே எனக்குக் கிடைத்தது ஒழுங்கும் ஒரு நல்ல பிசிக்ஸ் சாரும். அவர் முதல் மாதம் முழுக்க வெக்டரும் கிராஃபும்தான் நடத்தினார். போனது தூக்கமும் மூன்று கிலோவும்.

2020 மார்ச்சில் பூட்டி அனுப்பிவிட்டார்கள். மே 3 என்ற தேர்வு ஜூலை 26 ஆகி, பிறகு செப்டம்பர் 13 ஆனது. ஆறு மாதம் ஆயாவின் தையல் மெஷின் மேல் பலகை போட்டுப் படித்தேன். நேர்மையாகச் சொன்னால், என் மார்க் அதிகம் ஏறியது அந்த ஆறு மாதத்தில். காரணம், அதற்குள் என்ன படிக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. முதல் நாளிலிருந்தே வீட்டில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

தெளிவாக நடத்த ஆள் வேண்டிய பாடம் இருந்தால் கோச்சிங். எல்லாம் தெரிந்தும் தேர்வில் சொதப்புகிறவர் என்றால் வீடும் ஒரு டெஸ்ட் சீரிஸும் போதும். சுவரில் ஒட்டிய பழைய டாப்பர்களின் படத்தைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். அங்கே போன வருஷம் சேர்ந்து சீட் கிடைக்காமல் போனவர் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்க வேண்டும்?

மணிக் கணக்கு சொல்ல மாட்டேன். என்சிஇஆர்டி (மத்தியப் பாடநூல்) பயாலஜி வரிக்கு வரி, படத்துக்குக் கீழே இருக்கும் குட்டி எழுத்து உட்பட. 180-இல் 90 கேள்வி அங்கேதான். தப்பு நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்: மாக் டெஸ்டில் தப்பான ஒவ்வொரு கேள்வியும், ஏன் தப்பு என்று ஒரு வரியும். என்னுடையது 200 பக்க நோட்டில் இரண்டு ஆனது. கடைசி வாரம் அதைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. தேர்வு மதியம் 2 முதல் 5 வரை. மதியம் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துப் பழகிய உடம்பு அன்றைக்கு மட்டும் விழித்திருக்காது. நான் ஓஎம்ஆர் தாளை 40 ஜெராக்ஸ் எடுத்து, அந்த மூன்று மணி நேரத்தில் கறுப்புப் பால்பாயின்ட் பேனாவால் ஷேட் செய்து பழகினேன். அந்த நேரத்தில் யாரும் டிவி போடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

தமிழ் வழியில் படித்தேன். வருஷத்தை ஆங்கிலம் படிக்கவே செலவழிக்க வேண்டுமா?

வேண்டாம், தமிழிலேயே எழுதலாம். ஆனால் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் ஆங்கிலச் சொல்லைப் பக்கத்தில் எழுதிப் படியுங்கள். 2018-இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மார்க் கொடுக்கச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சந்தேகம் வந்தால் ஆங்கில மூலம்தான் இறுதி. வினாத்தாளில் இரண்டும் இருக்கும், கண் சட்டென்று ஆங்கிலப் பக்கம் தாவப் பழகட்டும்.

என்னென்ன சான்றிதழ் எடுத்து வைக்க வேண்டும்?

ஒரிஜினல் டிசி, மார்க் ஷீட், சாதிச் சான்று. இருப்பிடச் சான்று தேவையா என்று விவரக் குறிப்பேட்டில் பாருங்கள். எல்லோரும் மறப்பது ஒன்று: பிசி, எம்பிசி பிள்ளைகள் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போக, மத்திய அரசு வடிவத்தில் ஓபிசி கிரீமி லேயர் அல்லாதோர் சான்று தனியாக வேண்டும். நம் ஊர்ச் சாதிச் சான்று அங்கே செல்லாது. டிராப் வருஷத்தில் நேரம் இருக்கிறது, ஏப்ரலிலேயே இ-சேவையில் போடுங்கள். சில கல்லூரிகள் இடைப்பட்ட வருஷம் வேறெங்கும் படிக்கவில்லை என்று நோட்டரி கையெழுத்தோடு எழுதிக் கேட்கும். ஒரு மணி நேர வேலை.

சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது?

"நீட் படிக்கிறேன்." அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். கல்யாண வீடுகளுக்கு ஒரு வருஷம் லீவு விடுங்கள். அங்கே சாப்பாடு நன்றாக இருக்கும், பந்தியில் பக்கத்து இலைதான் பிரச்சினை.

பெண் பிள்ளை, வயசு ஏறிக்கொண்டே போகுமே?

18-இல் டிராப், 19-இல் சேர்ந்தால் நாலரை வருஷமும் ஹவுஸ் சர்ஜன் ஒரு வருஷமும் சேர்த்து 24, 25. அண்ணன் டிராப் போட்டபோது இந்தக் கணக்கை யாராவது போட்டார்களா என்று கேட்டுப் பாருங்கள். என் வீட்டில் நான் கேட்டேன், அதோடு பேச்சு நின்றது.

நடுவில் மனசு உடைந்தால்?

உடையும். எனக்கு டிசம்பரில் உடைந்தது, மாக் டெஸ்டில் 480-லிருந்து 410-க்கு இறங்கிய வாரம். பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அந்த வாரம் அப்பா நேரில் வந்து, மார்க்கைப் பற்றிப் பேசாமல், பரோட்டா வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். பெற்றோர் யாராவது இதைப் படித்தால், நீங்களும் அப்படிச் செய்யுங்கள். அழுகையைத் தாண்டி, வாழவே வேண்டாம் என்ற நினைப்பு ஒரு முறை வந்தாலும் அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். 104-க்கோ 14416-க்கோ ஃபோன் போடுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். பெற்றோர்களே, பிள்ளை பேச்சைக் குறைத்துவிட்டால், சாப்பாட்டைத் தள்ளினால், டிராப்பை அங்கேயே நிறுத்தி வீட்டுக்குக் கூட்டி வருவது தோல்வியில் சேராது.

ஒரு முறை போட்டும் கிடைக்கவில்லை. இரண்டாவது டிராப்?

இதில் நான் பழமைவாதி. முதல் டிராப்பில் ரேங்க் பாதிக்குமேல் முன்னேறி, கடைசி சீட்டுக்கு மயிரிழையில் நின்றிருந்தால் சரி. அப்படி இல்லாமல் அதே இடத்தில் நின்றிருந்தால் வேண்டாம் என்பேன். இந்த வரம்பை முதல் டிராப் தொடங்கும் நாளிலேயே, ரோஷம் வருவதற்கு முன்பே, ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

என் ஹாஸ்டல் அறைத்தோழி மூன்று முறை எழுதினாள். மூன்றாவது மார்க் இரண்டாவதைவிட 11 குறைவு. அதற்குப் பிறகு ஃபிசியோதெரபி சேர்ந்தாள். போன மாதம் என் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. வீட்டுக்கு அனுப்பிய பிறகு, அவருடைய கட்டைவிரலை எப்படிப் பிடித்து, எந்தக் கோணத்தில், எத்தனை முறை மடக்க வேண்டும் என்று அவள்தான் வீடியோ காலில் பெரியம்மாவுக்குக் காட்டிக் கொடுத்தாள். அன்றைக்கு அவளிடம் கேட்டேன், டிராப் போட்டது தப்பா என்று. முதலாவது தப்பில்லை, இரண்டாவதுக்கு எங்க அப்பாகிட்ட வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல என்றாள். பிறகு பெரியம்மாவிடம் திரும்பி, முழங்கையைத் தலையணை மேல் வைக்கச் சொன்னாள்.